பெரியவர்களின் பாடப்புத்தகம்: சான் பிரான்சிஸ்கோவின் ஆங்கில வகுப்புகள்

சான் பிரான்சிஸ்கோவின் சைனாடவுனில், கலிபோர்னியா வீதியும் கிராண்ட் அவென்யூவும் சந்திக்கும் முனையில் செங்கல் தேவாலயம் ஒன்று நிற்கிறது. பழைய புனித மேரி ஆலயம் என்று பெயர். 1854ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நள்ளிரவில் திறக்கப்பட்டது. அதன் அடித்தளத்துக் கருங்கல் சீனாவில் வெட்டப்பட்டுக் கப்பலேறி வந்தது. 1906 நிலநடுக்கத்தைத் தொடர்ந்த தீயில் உட்புறம் முழுதும் எரிந்தும் சுவர்கள் நின்றன. கோபுரக் கடிகாரத்தின் கீழே, காலத்தைக் கருதித் தீமையை விட்டு விலகும்படி மகனுக்குச் சொல்லும் விவிலிய வாசகம் ஆங்கிலத்தில் பொறிக்கப்பட்டிருக்கிறது. எதிர்ப்புறத்தில் அக்காலத்தில் இருந்த விலைமாதர் இல்லங்களுக்குப் போகிறவர்களை நோக்கிச் சொன்னது என்பார்கள். அவர்களில் எத்தனை பேரால் அதைப் படிக்க முடிந்திருக்கும் என்பது வேறு கேள்வி.

இந்த ஆலயத்தின் நிலவறையில்தான் 1856இல், நகரக் கல்வி வாரியத்தின் ஆதரவில், பகலெல்லாம் உழைத்தவர்களுக்கான மாலை வகுப்பு தொடங்கியது. கலிபோர்னியாவில் பதிவாகியுள்ள முதல் வயதுவந்தோர் பள்ளி இதுவே. அமெரிக்கச் சமுதாயக் கல்லூரிகளில் இன்று நடக்கும் அடிப்படைக் கல்வி வகுப்புகளுக்கும் ஆங்கில வகுப்புகளுக்கும் ஒரு பூர்வீக வீடு காட்டச் சொன்னால் நான் இதைத்தான் காட்டுவேன்.

நம்மிடையே ‘முதியோர் கல்வி’ என்ற தொடர் நிலைத்துவிட்டது. நரைத்த தலைகள் சிலேட்டும் கையுமாக உட்கார்ந்திருக்கும் சித்திரம் அதோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. இருபது வயதில் கப்பலிலிருந்து இறங்கிய கூலியாளும் இந்தக் கல்விக்கு உரியவரே. அவருக்கும் குழந்தைக்கும் உள்ள வேறுபாடு அவகாசம். குழந்தையின் பாடப்புத்தகத்தில் முதல் வாக்கியம் பூனையைப் பற்றியதா, பந்தைப் பற்றியதா என்பது பெரிதில்லை. கற்றதைப் பயன்படுத்த அதற்குப் பத்தாண்டுகள் கிடக்கின்றன. வளர்ந்தவரோ இன்றிரவு கற்ற வாக்கியத்தோடு நாளைக் காலை முதலாளியின் முன்னாலோ நீதிபதியின் முன்னாலோ போய் நிற்கவேண்டும். ஆகவே எந்த வாக்கியம் முதலில் கற்பிக்கப்படுகிறது, அதைத் தேர்ந்தெடுத்தவர் யார் என்ற ஒற்றைக் கேள்வியை வைத்துக்கொண்டு இந்த ஒரு நகரத்தின் நூற்றைம்பது ஆண்டுகளைப் பார்த்துப்போகலாம் என்று தோன்றுகிறது.

1856இன் நிலவறை வகுப்பில் தொடக்கநிலைப் பாடங்களோடு கணக்குப்பதிவும் வரைபடக்கலையும் கற்பிக்கப்பட்டன. கூலியின்றி வந்து கற்பித்தவர்களுள் ஒருவர் ஜான் ஸ்வெட். தங்க வேட்டைக் காலத்தில் நியூ ஹாம்ப்ஷயரிலிருந்து வந்த இளைஞர். 1863இல் மாநிலத்தின் பொதுக்கல்வி மேற்பார்வையாளர் ஆனவர். கலிபோர்னியாவின் இலவசப் பொதுப்பள்ளி முறை அவர் பெயரோடு சேர்த்தே பேசப்படுகிறது. ஆனால் அந்தப் ‘பொது’ எல்லோருக்கும் பொதுவாக இருக்கவில்லை. சீனர்களுக்கென 1859இல் நகரம் ஒரு தனிப்பள்ளி தொடங்கியது. விரைவில் அது மாலைப்பள்ளியாகச் சுருங்கி, 1871இல் மூடப்பட்டது. அடுத்த பதினான்கு ஆண்டுகள் சான் பிரான்சிஸ்கோவின் பொதுப்பள்ளி எதிலும் சீனருக்கு இடமில்லை. வரி மட்டும் கட்டினார்கள். ஆங்கிலம் கற்க விரும்பியவர்களுக்குக் கிறிஸ்தவ மிஷன்களின் இரவுப் பள்ளிகளும் ஞாயிறு பள்ளிகளுமே கதி. அங்கே நெடுங்கணக்கோடு நற்செய்தியும் சேர்ந்தே வரும்.

இக்காலத்தில் வெளிவந்த இரண்டு சிறுநூல்களை அருகருகே வைத்துப் பார்ப்பது நல்ல படிப்பினை. ஒன்று, பெனோனி லாங்டோ 1867இல் வெளியிட்ட சீன-ஆங்கில வாக்கியக் கையேடு. வணிகர்கள், பயணிகள், குடும்பங்கள் ஆகியோருக்கானது என்று அதன் முகப்பிலேயே அறிவிப்பு உண்டு. சீனச் சொற்களின் உச்சரிப்பு ஆங்கில எழுத்தில் தரப்பட்டிருக்கும். அதாவது வேலைக்காரரிடமும் வியாபாரியிடமும் பேசவேண்டிய வெள்ளையருக்கான நூல். மற்றொன்று 1875இல் வோங் சாமும் உதவியாளர்களும் தொகுத்தது. வெல்ஸ் பார்கோ நிறுவனத்தின் அலுவலகங்கள் வழியே மேற்குப் பகுதி முழுதும் பரவியது. இது சீனர்கள் சீனர்களுக்காகச் செய்த புத்தகம். வீடு வாடகைக்குப் பிடிப்பது, சரக்கு விற்பது, கூலி பேசுவது எல்லாம் இதிலும் உண்டு. ஆனால் பக்கங்களைப் புரட்டப் புரட்ட வேறொரு உலகம் திறக்கிறது. கொள்ளையடிக்கப்பட்டதைச் சொல்ல, தாக்கப்பட்டதைச் சொல்ல, உடனிருந்தவன் கொலையுண்ட விதத்தைச் சொல்ல, பொய்ச்சாட்சியை மறுக்க வாக்கியங்கள் வரிசையாக நிற்கின்றன. இலக்கணம் எதுவும் இல்லை. கதை எதுவும் இல்லை. ஆனாலும் அந்த வாக்கியங்களைத் தொடர்ந்து வாசித்தால் ஒரு நாவலின் எலும்புக்கூடு தெரிகிறது. இதைத் தொகுத்தவர்களுக்குத் தம் வாசகர் மறுநாள் எங்கே போய் நிற்பார் என்பது தெரிந்திருந்தது.

அந்த நிலைக்குள் இன்னொரு கசப்பும் உண்டு. 1854இலேயே கலிபோர்னியா உச்சநீதிமன்றம், வெள்ளையருக்கு எதிராகச் சீனர் சாட்சி சொல்ல முடியாது என்று தீர்ப்பளித்திருந்தது. அந்தத் தடை 1870களின் தொடக்கத்தில்தான் சட்டப்புத்தகத்திலிருந்து நீங்கியது. நீதிமன்றம் காதைத் திறந்த சில ஆண்டுகளுக்குள் அதற்கான வாக்கியங்களும் அச்சேறிவிட்டன.

1885இல் மேரி டேப் என்ற சீனப் பெண்மணி நகரக் கல்வி வாரியத்துக்கு எழுதிய கடிதத்தை இந்த வரலாற்றின் மிகச்சிறந்த உரைநடை என்றே சொல்வேன். அவர் சிறுமியாகச் சீனாவிலிருந்து வந்தவர். ஆதரவற்றோருக்கான இல்லமொன்றில் வளர்ந்து ஆங்கிலம் கற்றவர். ஓவியம் தீட்டினார், புகைப்படக்கலை பயின்றார். அவருடைய மகள் மேமியை ஸ்பிரிங் வேலி தொடக்கப்பள்ளி சேர்க்க மறுத்தபோது குடும்பம் வழக்குத் தொடுத்தது. மாநில உச்சநீதிமன்றம் வரை சென்று வென்றது. தோற்றவர்கள் சும்மா இருக்கவில்லை; சட்டமன்றம் அவசரமாக ஒரு சட்டம் கொண்டுவந்து, சீனருக்குத் தனிப்பள்ளி அமைக்க வழிசெய்தது. அந்த ஏப்ரல் மாதம் ‘ஆல்டா கலிபோர்னியா’ நாளிதழில் மேரி டேப்பின் கடிதம் வெளியானது. காலங்கள் பிறழ்கின்றன, எழுத்துப்பிழைகள் நிறைய. ஆனால் சீனராகப் பிறப்பது ஓர் இழிவா என்று அவர் கேட்கும் இடத்தில் எந்த இலக்கண ஆசிரியரும் சிவப்பு மையைத் தொட மாட்டார். தன் பிள்ளைகளை உங்கள் சீனப்பள்ளிக்கு அனுப்பவே மாட்டேன் என்றும் எழுதினார். பள்ளி திறந்தபோது அதில் சேர்ந்த முதல் குழந்தைகளுள் அவருடைய பிள்ளைகளும் இருந்தார்கள். வேறு வழியில்லை.

இங்கே ஒரு சிறு விலகல். அமெரிக்க இலக்கியத்தில் வளர்ந்தவர்களின் ஆங்கில வகுப்பு என்றதும் பலருக்கும் நினைவு வருவது லியோ ராஸ்டன் 1937இல் வெளியிட்ட ‘ஹைமன் கப்லானின் கல்வி’. நியூயார்க்கின் இரவுப்பள்ளி ஒன்றில் கப்லான் ஆங்கிலத்தைப் பந்தாடும் அழகைச் சொல்லும் நகைச்சுவைக் கதைகள். நானும் சிரித்துத்தான் படித்தேன். கப்லானைத் தோற்கடிக்க முடியாது என்பதுதான் அந்த நூலின் உயிர். ஆயினும் அங்கே கொச்சை ஆங்கிலம் சிரிப்புக்கான மூலப்பொருள். மேரி டேப்பின் கடிதத்தை வாசித்தபின் அந்தச் சிரிப்பு முன்போல வரவில்லை.

பிழையின்றிப் படிப்பதும் எழுதுவதும் ஓர் உரிமைச்சீட்டாக மாறிய காலம் அடுத்து வந்தது. 1894இல் கலிபோர்னியா தன் அரசமைப்பைத் திருத்தி, ஆங்கிலத்தில் அரசமைப்பை வாசிக்கவும் தன் பெயரை எழுதவும் தெரியாதவருக்கு வாக்குரிமை இல்லை என்றது. 1906இன் கூட்டாட்சிச் சட்டம் குடியுரிமை பெற ஆங்கிலம் பேசத் தெரிந்திருக்க வேண்டும் என்றது. எழுதப் படிக்கவும் வேண்டும் என்பது 1950இல் சேர்ந்தது. 1917இல் நாட்டுக்குள் நுழையவே எழுத்தறிவுச் சோதனை வந்தது. எந்த மொழியிலும் வாசித்துக் காட்டலாம் என்பது மட்டும் சலுகை. கிளீவ்லண்ட், டாப்ட், வில்சன் என மூன்று அதிபர்கள் இத்தகைய மசோதாக்களைத் திருப்பி அனுப்பியவர்கள். வில்சன் சொன்ன காரணம் எளிது: இந்தச் சோதனை ஒருவருடைய தகுதியை அளக்காமல், அவருக்கு வாய்ப்புக் கிடைத்ததா என்பதைத்தான் அளக்கிறது. காங்கிரஸ் அதை மீறிச் சட்டமாக்கியது. (அதே சட்டம்தான் இந்தியா உள்ளிட்ட பெரும் ஆசியப் பரப்பிலிருந்து வருவோரைத் தடுக்கப்பட்ட வட்டாரம் என்று கோடு போட்டு விலக்கியது. அந்தக் கோட்டுக்குள் பிறந்தவருக்கு எழுத்தறிவு இருந்தும் பயனில்லை.)

சோதனை வைத்தவர்களே வகுப்பும் வைத்தார்கள். 1915இல் கலிபோர்னியா இயற்றிய வீட்டு ஆசிரியர் சட்டம் அவ்வகையில் சுவாரசியமானது. மாநிலக் குடியேற்ற, வீட்டுவசதி ஆணையத்தில் இருந்த மேரி கிப்சன் முன்னின்று கொண்டுவந்தது. மாலை வகுப்புக்கு வரமுடியாத குடியேறிய தாய்மார்களின் வீட்டுக்கே ஆசிரியை போவார். நல்ல எண்ணம்தான், கைக்குழந்தையோடு இருப்பவரை நினைத்துப் பார்த்த முதல் சட்டம் என்றுகூடச் சொல்லலாம். ஆனால் அந்த ஆசிரியை எதைக் கற்பிக்கவேண்டும் என்று சட்டம் அடுக்கும் பட்டியலில் ஆங்கிலத்துக்கு முன்பே துப்புரவு வந்துவிடுகிறது. தொடர்ந்து உணவு வாங்குவது, சமைப்பது, உடை, குடிமைக் கடமைகள். தலைமுறை தலைமுறையாகச் சமைத்துவந்த மெக்சிகோவின் பெண்களுக்கும் இத்தாலியப் பெண்களுக்கும் அரசு சமையல் சொல்லித்தரப் புறப்பட்டது. வோங் சாமின் கையேட்டில் இருந்த திருடனும் நீதிபதியும் மறைந்து, அவர்கள் இடத்தில் சோப்பும் பாலும் வந்துவிட்டன.

இனி கல்லூரிக்கு வரவேண்டும். 1907இல் கலிபோர்னியா, உயர்நிலைப் பள்ளிகள் தம் மாணவருக்கு மேலும் இரண்டாண்டுப் பாடம் நடத்த அனுமதி தந்தது. இளநிலைக் கல்லூரி எனும் வடிவம் அங்கே அவ்வாறு பிறந்தது. சான் பிரான்சிஸ்கோ தன் கல்லூரியை 1935இல் தொடங்கியது. 1947இல் அதிபர் ட்ரூமன் அமைத்த உயர்கல்வி ஆணையம் ‘சமுதாயக் கல்லூரி’ என்ற பெயரைப் பரவலாக்கியது. பல்கலைக்கழகத்தின் முன்வாசலாக மட்டும் இல்லாமல், சுற்றிலும் வாழும் எல்லா வயதினருக்கும் தேவைப்படுவதைக் கற்பிக்கும் இடம் என்பது கனவு. 1964இன் வறுமை ஒழிப்புச் சட்டமும் 1966இன் வயதுவந்தோர் கல்விச் சட்டமும் கூட்டாட்சிப் பணத்தை அடிப்படைக் கல்விக்குக் கொண்டுவந்தன. 1970இல் சான் பிரான்சிஸ்கோவின் கல்லூரி பள்ளி மாவட்டத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானபோது, வயதுவந்தோர் கல்வியும் அதனோடு வந்து சேர்ந்தது. கலிபோர்னியாவின் பெரும்பாலான ஊர்களில் அது பள்ளி மாவட்டத்திடமே தங்கிவிட்டது. சான் பிரான்சிஸ்கோ, சான் டியேகோ போன்ற சில இடங்களில்தான் நிலவறையில் தொடங்கிய மாலைப்பள்ளி கல்லூரியின் உடலுக்குள் புகுந்தது. அதே 1970இல்தான் ஸ்பானிய மொழியில் எழுத்தறிவுள்ளவரை ஆங்கிலம் தெரியாது என்பதற்காக வாக்களிக்கவிடாமல் தடுப்பது செல்லாது என்று மாநில உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1894இன் கதவு எழுபத்தாறு ஆண்டுகளுக்குப்பின் திறந்தது.

அடிப்படைக் கல்வி என்றதும் அமெரிக்காவில் பிறந்து, பள்ளி கைவிட்டவர்களையும் நினைக்கவேண்டும். அவர்களுக்கான மிகச்சிறந்த வகுப்பு எந்தக் கல்லூரியிலும் நடக்கவில்லை. 1957 ஜனவரியில், தென் கரோலினாவின் ஜான்ஸ் தீவில், ஒரு கூட்டுறவுக் கடையின் பின்னறையில் பதினான்கு கறுப்பினத்தவர் கூடினார்கள். அங்கேயும் வாக்காளராகப் பதிவுசெய்ய மாநில அரசமைப்பின் பகுதியை வாசிக்கவேண்டும். செப்டிமா கிளார்க் ஏற்பாடு செய்த அந்த வகுப்புக்கு ஆசிரியர் பெர்னிஸ் ராபின்சன். அவர் தொழில்முறை ஆசிரியர் அல்லர், சிகையலங்காரம் செய்பவர். குழந்தைகளுக்கான வாசிப்பு நூல்களை ஒதுக்கிவிட்டு, உங்களுக்கு என்ன கற்கவேண்டும் என்று முதல் நாளே கேட்டார். தம் பெயரை எழுத, விவிலியம் வாசிக்க, மணியார்டர் படிவம் நிரப்ப, தபால்வழிக் கடைகளுக்குப் பொருள் கேட்டு எழுத என்று பதில்கள் வந்தன. அவையே பாடத்திட்டம் ஆயின. பாவ்லோ பிரெய்ரே பிரேசிலின் அங்கிகோஸில் தம் புகழ்பெற்ற நாற்பது மணிநேர எழுத்தறிவு வகுப்புகளை நடத்தியது இதற்கு ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு.

சான் பிரான்சிஸ்கோவின் கல்லூரி இந்த இரு மரபுகளுக்கும் நடுவில் தட்டுத்தடுமாறியது. 1974இல், சைனாடவுன் பெற்றோர் தொடுத்த லாவ் வழக்கில், ஆங்கிலம் புரியாத பிள்ளைகளை அப்படியே வகுப்பில் உட்காரவைப்பது கல்வி ஆகாது என்று அமெரிக்க உச்சநீதிமன்றம் கூறிவிட்டது. பிள்ளைகளுக்கு உரிமை வந்தது. அவர்களுடைய தாய்தந்தையருக்கு அப்படி ஓர் உரிமை எந்தத் தீர்ப்பிலும் இல்லை. அவர்களுக்கு இருந்தது கல்லூரியின் மதிப்பலகில்லா வகுப்பு: கட்டணமும் இல்லை, பட்டமும் இல்லை. 1975க்குப் பிறகு வியட்நாமியரும் கம்போடியரும் லாவோஸ் மக்களும் டெண்டர்லாயின் பகுதிக்கு வந்து சேர்ந்தபோது அந்த வகுப்புகள் நிரம்பின. டியேகோ ரிவேராவின் பெருஞ்சுவரோவியத்தைக் காண 1961 முதல் கலை ஆர்வலர்கள் கல்லூரியின் தலைமை வளாகத்துக்குப் போனார்கள். ஆங்கிலம் கற்க வந்தவர்களில் பெரும்பாலோர் போனது மிஷன், சைனாடவுன், சிவிக் சென்டர் என்று நகரெங்கும் சிதறிக்கிடந்த சிறு மையங்களுக்கு.

பாடப்புத்தகமும் மாறியது. 1970களின் நடுவில் டெக்சாஸ் பல்கலைக்கழகம் நடத்திய ஆய்வைத் தொடர்ந்து, ‘வாழ்க்கைத் திறன்’ என்பது மந்திரச்சொல் ஆயிற்று. பேருந்து அட்டவணை வாசிப்பது, மருந்துச்சீட்டைப் புரிந்துகொள்வது, விண்ணப்பம் நிரப்புவது. பயனுள்ளவைதாம். ஆனால் எல்சா அவர்பாக் 1980களின் நடுவில் இப்பாடநூல்களை ஆராய்ந்து வெளியிட்ட கட்டுரைகள் சங்கடமான ஒன்றைச் சுட்டின. இவற்றில் குடியேறியவர் எப்போதும் மன்னிப்புக் கேட்கிறார், நன்றி சொல்கிறார், மேலாளரின் சொல்லைத் திரும்பச் சொல்லி உறுதிசெய்கிறார். கூலி குறைந்தால் கேட்பதற்கு, வீட்டுக்காரர் பழுது பார்க்காவிட்டால் வாதாடுவதற்கு வாக்கியம் அரிது. நூறாண்டுக்கு முன் வோங் சாம் வைத்திருந்த வாக்கியங்கள் அவை.

1986இன் பொதுமன்னிப்புச் சட்டம் ஆவணமின்றி வாழ்ந்த சுமார் 27 லட்சம் பேருக்குச் சட்டபூர்வ நிலை தந்தது. பாதிக்கு மேற்பட்டோர் கலிபோர்னியாவில் இருந்தவர்கள். அவர்களில் பெரும் பகுதியினர் நிரந்தர வாசம் பெறுவதற்கு, சோதனையில் தேறவேண்டும்; அல்லது அறுபது மணிநேர வகுப்பில் நாற்பது மணிநேரமாவது உட்கார்ந்ததற்குச் சான்று காட்டவேண்டும். மறுபடியும் நாற்பது மணிநேரம். ஆனால் அங்கிகோஸிலிருந்து வெகுதொலைவு. வருகைப்பதிவேடு ஒரு குடியேற்ற ஆவணமாகிவிட்டது. 1998இல் கூட்டாட்சி நிதி, மாணவர் எத்தனை படிநிலை ஏறினார், வேலையில் சேர்ந்தாரா என்ற கணக்கோடு இறுகக் கட்டப்பட்டது. பேத்தியின் பள்ளி ஆசிரியையோடு பேசத்தெரிந்தால் போதும் என்று வரும் பாட்டி இந்தக் கணக்கின் எந்தக் கட்டத்தில் உட்காருவார்?

2012 ஜூலையில் புயல் அடித்தது. மேற்குப் பகுதிக் கல்லூரிகளுக்குத் தரச்சான்று வழங்கும் ஆணையம், ஏறத்தாழ 85,000 மாணவர்கள் பயின்ற இக்கல்லூரிக்குக் கடைசி எச்சரிக்கை விடுத்தது. நிர்வாகக் குழப்பமும் நிதிநிலையும்தான் முதன்மைக் குற்றச்சாட்டுகள். கற்பித்தலின் தரத்தைப் பெரிதாக யாரும் குறைகூறவில்லை. கல்லூரி தன் நோக்க அறிக்கையைத் திருத்தி எழுதியது. அடிப்படைக் கல்வியும் ஆங்கிலமும் மையப்பட்டியலில் தப்பின. வாழ்நாள் கல்வி ‘வசதி இருந்தால்’ என்ற வரிசைக்குத் தள்ளப்பட்டது. அப்படியும் 2013 ஜூலையில், ஓராண்டுக்குப்பின் தரச்சான்று பறிக்கப்படும் என ஆணையம் அறிவித்தது. நகர வழக்கறிஞர் தொடுத்த வழக்கில், ஆணையம் நடந்துகொண்ட விதத்தில் சட்டமீறல்கள் இருந்ததாக 2015இல் தீர்ப்பு வந்தது. 2017 ஜனவரியில் முழுச் சான்று திரும்பக் கிடைத்தது. அதற்குள் மாணவர் தொகையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கரைந்திருந்தது.

கணினியில் செய்தி படிப்பவருக்குக் கல்லூரி மூடப்படவில்லை என்று தெரிந்திருக்கும். வதந்தியை நம்பி வீட்டிலேயே இருந்துவிட்டவர்கள், அந்தச் செய்தியைப் படிக்கும் அளவுக்கு ஆங்கிலம் கற்கவே வந்துகொண்டிருந்தவர்கள். 2015 ஜனவரியில், பருவம் தொடங்கும் தறுவாயில், நிலநடுக்கத்தைத் தாங்காது என்று சொல்லி டெண்டர்லாயினை ஒட்டிய சிவிக் சென்டர் மையம் பூட்டப்பட்டபோதும் கதவு வரை வந்து திரும்பியவர்கள் இவர்களே. 2022இல் முப்பதுக்கும் மேற்பட்ட முழுநேர ஆசிரியர்கள் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள்.

கடைசி எச்சரிக்கை வந்த அதே 2012இன் இலையுதிர் பருவத்தில்தான், பல ஆண்டு வழக்குகளையும் இழுபறிகளையும் தாண்டி, சைனாடவுனின் புதிய வளாகம் கியர்னி வீதியில் பதினான்கு மாடிகளோடு திறக்கப்பட்டது. எதிரே போர்ட்ஸ்மவுத் சதுக்கம். கலிபோர்னியாவின் முதல் பொதுப்பள்ளி 1848இல் நடந்த இடம். அங்கே ராபர்ட் லூயி ஸ்டீவன்சனுக்கு ஒரு நினைவுச்சின்னம் உண்டு. 1879இன் குளிர்காலத்தில், கையில் காசில்லாத அந்நியராக இந்த நகரத்துக்கு வந்த அவர், இதே சதுக்கத்தில் உட்கார்ந்து வருவோர் போவோரைப் பார்த்துக்கொண்டிருப்பார். இப்போது சின்னத்தைச் சுற்றிலும் சீன முதியவர்கள் சதுரங்கமும் சீட்டும் ஆடுகிறார்கள். வளாகத்திலிருந்து பழைய புனித மேரி ஆலயத்துக்கு நடந்தால் பத்து நிமிடம்கூட ஆகாது. மதிப்பலகில்லா ஆங்கில வகுப்புக்கு இன்றும் கட்டணம் இல்லை.